முன்னால் யாருமில்லை

முன்னால் யாருமில்லை, நீ போகலாம் என்று கலம் சொல்கிறது. திரையின் அடியில் வெளிறிய நீலத்தில் அந்த வரி வரும், வாசித்து முடிக்கும்வரை நிற்கும், பிறகு அணைந்துவிடும். புதிய வரி இல்லை. ஹமீது அண்ணன் இந்தக் கணினி விண்கல விளையாட்டைத் தன் வீட்டு மாடி அறையில் தனியாக உட்கார்ந்து எழுதிய காலத்திலிருந்தே இருக்கிற வரி. இருந்தும் ஒவ்வொரு முறையும் கடைசி எழுத்துவரை வாசிக்கிறேன், பரீட்சைத் தாளில் பதிவெண்ணைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதுபோல. அப்பா இன்னும் வரவில்லை. வந்தால் திரையின் மூலையில் இருக்கிற இந்தப் பச்சைத் தட்டில், வரைபடத்தில், ஒரு புள்ளி தெரியும். இப்போது தட்டில் நான் மட்டும் இருக்கிறேன், நடுவில். வெள்ளிக்கிழமை மதியம். ஹமீது அண்ணன் தொழுகைக்குப் போயிருக்கிறார். திரும்பும்போது கீழே கடையில் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு மாடியேறி வருவார், என் மேசைக்கு வந்து ஒரே கேள்விதான் கேட்பார், வந்துச்சா இல்லையா என்று. இரண்டாவது கலம் வந்துவிட்டால் வேலை தொடரும். வராவிட்டால் ஒற்றைக்கலம் என்ற இந்த விளையாட்டு ஒற்றைக்கலமாகவே இருக்கட்டும், இருவர் ஆடுகிற யோசனையை இத்தோடு விட்டுவிடலாம் என்று திங்கட்கிழமை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, மழை வந்தால் மாடியில் காயப்போட்டதை எடுத்துவிடலாம் என்பதுபோலச் சொன்னார். நான் அந்த யோசனைக்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவள். என் தகுதிகாண் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. யோசனை போனால் நானும் போகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் இந்தச் சின்ன அலுவலகத்தில் எனக்கென்று வேறு வேலை எதுவும் இல்லை என்பது நாற்காலிகளை எண்ணினாலே தெரியும்.

அம்புக்குறியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கிறேன், கலம் போகிறது. போகிறது என்று சொல்வதுகூடச் சரியில்லை. சேர்ந்த புதிதில் ஹமீது அண்ணன் எழுதியதை வரிவரியாக வாசித்தபோது அது தெரிந்தது, இந்த விளையாட்டில் கலம் நகர்வதே இல்லை. கலம் எப்போதும் நடுவிலேயே நிற்கிறது. நட்சத்திரங்களும் கோள்களும் தூசி மேகங்களும்தான் அதைக் கடந்து பின்னால் போகின்றன. ரொம்ப தூரம் நகர்ந்தால் கணக்கு பிசகும், அதனால் நகர்வதை உலகத்தின் பொறுப்பில் விட்டுவிட்டார். ஆடுகிறவர் சாப்பிட எழுந்தால் நேரம் நின்று காத்திருக்கும். ஆடுகிறவர் பார்க்காத பக்கத்தில் எதுவுமே இருக்காது, திரும்பினால்தான் அந்தப் பக்கம் உண்டாகும். ஒருவருக்கு இதெல்லாம் சரி. இரண்டு பேர் வந்தால் யார் நடுவில்? யார் சாப்பிடப் போனால் நேரம் நிற்கும்? நான் பார்க்காத பக்கத்தை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே ஏதாவது இருந்தாக வேண்டுமே. இத்தனை மாதமும் நான் செய்தது அவ்வளவுதான், இவருக்கு என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் எவருக்கு என்று கேட்டுக்கொண்டே போனது. வாசிக்க வாசிக்க எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்தது, யாரிடமும் சொல்லவில்லை. முத்தையாபுரத்தில் எங்கள் முன்அறையில் நான் நடுவில் உட்கார்ந்து படிப்பேன், வீடு என்னைச் சுற்றி நகரும். அம்மா அரிசி களைவதைப் புறவாசலுக்குக் கொண்டுபோவாள். டிவியில் வாய் மட்டும் அசையும். உப்பு லாரி ஓட்டி லோடு இறக்கிவிட்டு வருகிற அப்பா செருப்பை வாசலுக்கு வெளியிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரமாக நடந்து உள்ளே போவார். செருப்பைக் கழற்றுவது சரி, ஏன் கையில் எடுத்துக்கொள்வார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பின்பக்கம் போய்ப் போட்டுக்கொள்ளத்தான் என்று இப்போது தெரிகிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். நான் நகர்ந்தேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

இன்றைய சோதனைக்கு விதிகள் ஹமீது அண்ணன் வைத்தது. எதிரில் ஆடுகிறவர் இந்த அலுவலகத்து ஆளாக இருக்கக் கூடாது. விளையாட்டு என்று எதையும் அதற்குமுன் தொடாத ஆளாக இருக்க வேண்டும். யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டுகிற திரையை நான் பார்க்கக் கூடாது, ஏனென்றால் வாங்கி ஆடுகிறவன் வீட்டில் அந்தத் திரை இருக்காது. போன் பேசக் கூடாது. "போன்ல சொல்லிக்குடுத்தா அதுக்குப் பேரு வெளையாட்டு இல்லம்மா, கஸ்டமர் கேர்" என்றார். யாரைப் போடலாம் என்றபோது என் வாயிலிருந்து எங்கப்பா என்று வந்துவிட்டது. லாரி மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு வீட்டில்தான் இருக்கிறார், என் பழைய லேப்டாப்பும் அங்கேதான் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்க் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். இது முன்னால் போக, இது திருப்ப, இது நிறுத்த, இது விளக்கு. கிளம்பும்போது விளக்கு அணைந்திருக்கும், நாமதான் போட்டுக்கிடணும்ப்பா என்றேன். அப்பா விரலைச் சாவிகளுக்கு மேலே காற்றில் வைத்துக்கொண்டு, தொடாமல், "கிளட்ச் எங்கம்மா?" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் நானும் சிரித்தேன், சிரித்துவிட்டு, அவர் கேட்டது வேடிக்கைக்கா நிஜமாகவா என்று மதுரைக்குத் திரும்புகிற பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அந்த விளக்குதான் முக்கியம். ஒரு கலத்தின் விளக்கு எரிந்தால்தான் மற்றவரின் வரைபடத்தில் அது புள்ளியாகத் தெரியும். அப்படித்தான் வைத்தேன். இருட்டில் ஒரு வெளிச்சம் வருவதைப் பார்ப்பதுதான் அழகு என்று நினைத்தேன், ஹமீது அண்ணனும் அதை மட்டும் உடனே ஒத்துக்கொண்டார். இப்போது அப்பா அந்தச் சாவியை மறந்திருப்பாரோ. கரண்ட் போயிருக்குமோ. மாத்திரை போட்டுத் தூங்கியிருப்பாரோ. இல்லை, உட்கார்ந்து, திரையைப் பார்த்து, இதுக்கா இம்புட்டுப் படிச்சா என்று மூடி வைத்திருப்பாரோ. அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் சொல்லாத ஆள் நினைக்காமல் இருப்பார் என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

"ஏம்மா செல்வி, அப்பளம் வேணுமா?" பக்கத்து மேசையில் நாயகம் அண்ணன் டிபன் டப்பாவைத் திறந்துவிட்டார். இந்தக் கலங்களையும் கோள்களையும் வரைகிறவர் அவர். என் முழுப்பெயர் இசக்கிச்செல்வி என்று தெரிந்த நாளிலிருந்து முன்பாதியை அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, நானும் சொல்லச் சொன்னதில்லை. வேண்டாமண்ணே என்கிறேன். வேண்டாமென்றால் அவர் விடமாட்டார், எழுந்து வந்து மூடியில் வைத்து நீட்டுகிறார், நான் திரையை விட்டுத் திரும்பி இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன். "இன்னும் வரலையா? வந்துருச்சுன்னா பேர மாத்திரணும் பாத்துக்க. ரெட்டைக்கலம். எழுத்தெல்லாம் நாந்தான் மறுபடி வரையணும்." அவருக்கு அந்த வேலை பிடிக்காதா, பிடிக்குமா? அவர் முகத்தில் எதுவும் இல்லை, அப்பளத்தின் எண்ணெய்தான் இருக்கிறது. நான் சிரித்துவிட்டுத் திரையைப் பார்க்கிறேன். முன்னால் யாருமில்லை, நீங்கள் போகலாம்.

நீங்கள். அப்பளம் வாயில் இருக்கிறது, கடிக்கவில்லை. வரி அணைந்துவிட்டது. தப்பாக வாசித்தேனோ. காத்திருக்கிறேன், தூசி மேகம் ஒன்று கடந்து போகிறது, மறுபடி வருகிறது, முன்னால் யாருமில்லை, நீங்கள் போகலாம். வரைபடத்தில் புள்ளி இல்லை. நான் மட்டும், நடுவில். அப்படியானால் நேற்று நான் திருத்திய தவறு திரும்பி வந்துவிட்டது. அந்த வார்த்தை என்னுடையது. ஒருவர் இருந்தால் நீ, ஒருவருக்கு மேல் இருந்தால் நீங்கள் என்று இரண்டே வரியில் எழுதிவைத்தேன். நேற்று நாயகம் அண்ணனை வைத்துச் சோதித்தபோது அவர் வெளியேறிய பிறகும் கலம் என்னை நீங்கள், நீங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. போனவரைக் கணக்கிலிருந்து கழிக்க மறந்திருந்தேன். கழித்துவிட்டேன் என்று ஹமீது அண்ணனிடம் நேற்று மாலை சொன்னேன். கழிக்கவில்லை போல. அல்லது வராதவரையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது, அது இன்னும் மோசம். டீ வந்ததும் அவர் கேட்பார், வரலண்ணே என்று சொல்வேன், அதோடு, இல்லாத ஆளை இருக்கிறதாகக் காட்டுகிறதண்ணே என்பதையும் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் சொல்வேன். சொல்லும்போது என் குரல் எப்படி இருக்கும் என்று இப்போதே கேட்கிறது, கல்லூரி நேர்முகத் தேர்வில் வந்த குரல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கிற குரல்.

அந்த வார்த்தையே வேண்டாம் என்று முதலில் சொன்னவர் நாயகம் அண்ணன்தான். "எங்க வீட்ல என்னைய நீ-ன்னுதான் கூப்புடுவா. திடீர்னு ஒருநாள் நீங்க-ன்னு ஆரம்பிச்சான்னா அன்னைக்குச் சாப்பாடு இல்லைன்னு அர்த்தம். இத்தன நாளா நீ, நீ-ன்னு கூட வந்த கப்பல் நீங்கள்னு சொன்னா ஆடுறவனுக்கு வயித்தக் கலக்கிரும்." ஹமீது அண்ணன், ரெண்டு பேர் இருந்தா நீங்கள்தானப்பா, தமிழ்ல வேற என்ன இருக்கு என்று முடித்துவிட்டார். எனக்கு அந்த மரியாதை எங்கே உறுத்தும் என்று தெரியும். வேலை கிடைத்து முதல்முறை ஊருக்குப் போயிருந்தபோது அப்பா வாசலில் நின்று லாரி ஷெட்டுக்காரர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "பாப்பாவா? அவங்க மதுரையில வேலை பாக்காங்க. ஆமா, கம்ப்யூட்டர்ல. லீவுக்கு வந்திருக்காங்க." நான் உள்ளே தட்டில் சோற்றோடு இருந்தேன். அவங்க. ஒரு நிமிடம் வேறு யாரோ நம் வீட்டுக்கு வந்திருப்பதாகவே நினைத்தேன். பிறகு அவர் உள்ளே வந்து, கொழம்பு போதுமாம்மா, இன்னும் ஊத்திக்க என்று எப்போதும்போல நீ-யாகத்தான் பேசினார். ஆனால் நான் தள்ளி வைக்கப்பட்டேன் என்று தோன்றிவிட்டது, உயரமான ஒரு பலகையில், கை படாத இடத்தில். பட்டமளிப்பு விழாவன்றும் அப்படித்தான். இரண்டு அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தார்கள், அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பாவின் நாற்காலி காலியாகவே இருந்தது. கடைசியில், கதவுப் பக்கம் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாராம். ஏம்ப்பா உக்காரல என்றால், அங்கனதாம்மா காத்து வந்துச்சு என்றார். மேடையிலிருந்து நான் தேடினேன். மேடை விளக்கு நேராக முகத்தில் அடித்தது. விளக்குக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியவே இல்லை, கறுப்பாக இருந்தது, கைதட்டல் மட்டும் வந்தது.

கறுப்பாக இருந்தது. கைதட்டல் வந்தது. இதைப் பலமுறை நினைத்திருக்கிறேன், இப்போது ஏனோ அது இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. ஆள் தெரியவில்லை, ஆனால் ஆள் இருந்தார். வரைபடம் விளக்கைத்தான் பார்க்கும். வார்த்தை விளக்கைப் பார்க்காது. வார்த்தை ஆள் இருக்கிறாரா என்று மட்டும்தான் பார்க்கும், நான்தான் எழுதினேன், இரண்டே வரி. நேற்றைய தவறு திரும்பவில்லையென்றால், நான் சொன்ன இடத்தில் சொன்னதைச் சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்றால். இப்படி நினைக்கவே பயமாக இருக்கிறது. நான் எழுதியது சரி என்று நம்புவதைவிடத் தவறு என்று நம்புவது எனக்குச் சுலபம், பழக்கம். பின்னால் பார்க்கவேண்டும். பின்னால் பார்க்க இந்தக் கலத்தில் வழி இல்லை. கண்ணாடி இல்லை, பின்பக்கத்துக்கு ஜன்னல் இல்லை, ஹமீது அண்ணன் வைக்கவில்லை, வைக்கத் தேவை இருந்ததில்லை, பின்னால் எப்போதும் யாரும் இருந்ததில்லை. முழுக் கலத்தையும் திருப்பவேண்டும். இடது சாவியை அழுத்துகிறேன். பெரிய கலம், மெதுவாகத்தான் திரும்பும், கனமாகத் தெரிவதற்காக அவர் அப்படி வைத்திருக்கிறார். நட்சத்திரங்கள் வலப்பக்கமாக ஊர்கின்றன. முன்பு இந்தப் பக்கமெல்லாம் திரும்பினால்தான் உண்டாகும். இப்போது எப்போதுமே இருக்கிறது, யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், அதைச் செய்யத்தான் எனக்கு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. சிவப்புக் கோள் வந்து போகிறது. நாயகம் அண்ணன் டப்பாவை மூடுகிற சத்தம். கீழே வண்டிகளின் சத்தம், யாரோ யாரையோ எடுப்பா எடுப்பா என்கிறார்கள். திரும்பிக்கொண்டே இருக்கிறது. ஒன்றுமில்லை. நட்சத்திரம், நட்சத்திரம், தூசி, நட்சத்திரம். பிறகு நட்சத்திரம் இல்லாத ஓர் இடம்.

சாவியிலிருந்து விரலை எடுத்துக் கலத்தை நிறுத்தினேன். சின்ன இடம், விரல் நகம் அளவு. சுற்றிலும் புள்ளிகள், அங்கே மட்டும் எதுவுமில்லை. வரையும்போது விட்டுப்போனதாக இருக்கலாம், நாயகம் அண்ணனைக் கேட்டால் தெரியும். கேட்கவில்லை. அந்த இடம் மெதுவாகப் பெரிதாகிறது, பிறகு பெரிதாவதை நிறுத்திக்கொள்கிறது, அதாவது நான் நின்றதைப் பார்த்து நின்றிருக்கிறது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கைதான் தெரிந்துகொண்டு விளக்குச் சாவிக்குப் போனது. அணைத்தேன். போட்டேன். அணைத்துப் போட்டேன். சின்ன வயதில் பரீட்சை லீவில் அப்பாவோடு லாரியில் போயிருக்கிறேன், எதிரில் தெரிந்த வண்டி வந்தால் அவர் இப்படித்தான் இரண்டு முறை விளக்கை வெட்டுவார், அந்த வண்டியும் வெட்டும், அவ்வளவுதான் பேச்சு, கடந்து போய்விடுவார்கள். காத்திருக்கிறேன். நாக்கில் உப்பாக அப்பளம் கரைகிறது. நட்சத்திரம் இல்லாத இடத்தின் நடுவில் ஒரு வெளிச்சம் வந்தது, மஞ்சளாக, போனது, வந்தது. பச்சைத் தட்டில் ஒரு புள்ளி. கலம் சொல்கிறது, முன்னால் ஒருவர் இருக்கிறார்.

"என்னம்மா, வந்துச்சா?" ஹமீது அண்ணன் எப்போது மாடியேறினார் என்று தெரியவில்லை, தலையில் தொப்பி இன்னும் இருக்கிறது, கையில் எனக்கான டீ. திரும்பிப் பார்த்து, "முன்னாடியே வந்துட்டாங்கண்ணே" என்கிறேன். அவர் குனிந்து பார்க்கிறார். அவர் தனியாக இருந்து உண்டாக்கிய இருட்டில் அவரோ நானோ போடாத ஒரு விளக்கு எரிவதைப் பார்க்கிறார். டீயை என்னிடம் கொடுக்க மறந்து அவரே ஒரு வாய் குடித்துவிட்டார். சோதனை முடிந்துவிட்டதா, போன் பேசலாமா என்று கேட்டேன், தலையை ஆட்டினார். முதல் மணியிலேயே அப்பா எடுத்தார். "தப்பா எதையும் அமுக்கிட்டனாம்மா?" "இல்லப்பா. எங்க இருந்தீங்க இவ்வளவு நேரம்?" "மொதல்ல இந்தப் பெட்டி சுத்திக்கிட்டே கெடந்துச்சு. அப்புறம் உள்ள விட்டுச்சு. லைட்டப் போட்டேன், ஒன் வண்டி முன்னால போய்க்கிட்டு இருந்துச்சு. சரின்னு லைட்ட அணைச்சிட்டுப் பொறத்தாலயே வந்துக்கிட்டு இருந்தேன்." அது நான் அப்பளம் வாங்கத் திரும்பிய நேரமாக இருக்கும். "ஏம்ப்பா அணைச்சீங்க?" "நீ வேலையா போற. பொறத்தால இருந்து லைட்ட அடிச்சா கண்ணாடியில பட்டு முன்னால போறவங்களுக்குக் கண்ணு கூசும்லாம்மா." "அதுல கண்ணாடியே கிடையாதுப்பா." அந்தப் பக்கம் அம்மா கேட்கிறாள், ஏங்க, அது நெசமாவே நம்ம பிள்ளைதானா, கேளுங்க. அப்பா அவளுக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் கேட்கிறார், மெதுவாக, திட்டுகிற மாதிரியும் இல்லை, "கண்ணாடி இல்லாத வண்டியவா இம்புட்டுத் தூரம் ஓட்டிட்டு வந்த?" ஹமீது அண்ணனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். என் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, "எழுதிக்கம்மா, கண்ணாடி" என்றார். திங்கட்கிழமை செய்யவேண்டிய வேலையைச் சொல்கிற குரல் அது. நாயகம் அண்ணன், "ஆக ரெட்டைக்கலம்தானா, என் எழுத்து போச்சா" என்றார்.

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கலத்தைப் பழைய திசைக்குத் திருப்பினேன். கனமாகத் திரும்பியது, அப்பாவின் வெளிச்சம் திரையின் ஓரத்துக்குப் போய் மறைந்தது. புள்ளி மட்டும் தட்டில், எனக்குக் கீழே. "லைட்ட அணைக்காதீங்கப்பா" என்றேன். "கூசாதா?" "கூசாது. நல்லா போடுங்க." முன்னால் ஒரு தூசி மேகம் வந்துகொண்டிருந்தது, நாயகம் அண்ணன் வரைந்தது, எத்தனையோ முறை உள்ளே புகுந்து வந்திருக்கிறேன், சாம்பல் நிறம், வேறொன்றுமில்லை. இப்போது பின்னாலிருந்து வந்த மஞ்சள் வெளிச்சம் என்னைத் தாண்டிப் போய் அதன்மேல் விழுந்தது. வெளிச்சத்தின் நடுவில் கறுப்பாக ஒரு உருவம். மூக்கும் இரண்டு பக்கமும் மொட்டையான இறக்கைகளும். என் கலத்தின் நிழல். உள்ளே இருந்தே ஓட்டியதால் அதை நான் வெளியிலிருந்து பார்த்ததே இல்லை, ஹமீது அண்ணனும் பார்த்திருக்கமாட்டார், பின்னால் ஒரு விளக்கு வரும்வரை அது விழ வழியில்லை. இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. நான் போகப் போக அது முன்னால் போனது. திரையின் அடியில் அந்த வரி வந்தது, கடைசி எழுத்துவரை வாசித்தேன். முன்னால் யாருமில்லை, நீங்கள் போகலாம்.